பேசும் தொலைவில் ஒரு லென்ஸ்

வீட்டில் மூத்தவர் ஒருவர் இறந்துபோகும் அன்று, அழுகைக்கு நடுவிலேயே ஒரு தேடல் தொடங்கிவிடுகிறது. மாலை சாத்தி வைக்க ஒரு படம் வேண்டும். நாளிதழ் அறிவிப்புக்கும் ஒரு படம் வேண்டும். பிள்ளைகளின், பேரப்பிள்ளைகளின் கைப்பேசிகளில் ஆயிரக்கணக்கான படங்கள் இருக்கின்றன. திருமண வரிசையின் கடைக்கோடியில் கன்னம் இழுபட்டுத் தெரியும் முகம் ஒன்று. ஏதோ ஒரு கோட்டையின் முன்னால் விரல்நக அளவில் நிற்கும் உருவம் ஒன்று. பிறந்தநாள் கேக்கின் பின்னால் அசைந்து கலங்கிப்போன பாதி முகம் ஒன்று. முழுமையான, தெளிவான ஒரு முகம் மட்டும் கிடைப்பதில்லை. கடைசியில் ஏதோ ஓர் அடையாள அட்டைக்காக எடுத்த படத்தையே பெரிதாக்கிச் சட்டமிடுகிறார்கள். அறுபது ஆண்டுகள் ஒரு குடும்பத்தைத் தாங்கிய மனிதர், அலுவலகக் கேமரா ஒன்று பார்த்த பார்வையிலேயே சுவரில் நிலைத்துவிடுகிறார்.

கேமரா இல்லாத குறையால் இது நேர்வதில்லை. எடுத்தவர் நின்ற இடத்தால் நேர்கிறது. அவர் மிக அருகில் நின்று அகலக்கோண லென்ஸால் எல்லாரையும் அடக்க முயன்றிருக்கிறார். அல்லது வெகுதொலைவில் நின்று கட்டடத்தை முழுதாகப் பிடிக்க முயன்றிருக்கிறார். இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு ஒன்று உண்டு. இருவர் எதிரெதிரே அமர்ந்து, குரலை உயர்த்தாமல் பேசிக்கொள்ளும் தொலைவு. ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். குடும்பப் படத்துக்கும் பயணப் படத்துக்கும் லென்ஸ் தேடுபவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது இந்தத் தொலைவைத்தான். லென்ஸ் அதன் பிறகே வர வேண்டும் என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

வீட்டைவிட்டு வெகுதொலைவிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, ஆய்வு உதவித்தொகையில் மிச்சம் பிடித்து முதல் கேமராவை வாங்கும் மாணவர் பலர் உண்டு. விடுமுறையில் ஊருக்குப் போகும்போது பெற்றோரைப் படமெடுக்க வேண்டும், வழியில் நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். எந்த லென்ஸ் நல்லது என்று கேட்டால், கூர்மையை அளக்கும் அட்டவணைகள் கிடைக்கின்றன; 18 முதல் 200 மி.மீ. வரை அனைத்தையும் ஒன்றிலேயே அடக்கிய ஜூம் லென்ஸ் பரிந்துரைக்கப்படுகிறது. இவற்றில் பொய் எதுவும் இல்லை. ஆயினும் இவை அனைத்தும் பொருளைப் பற்றிய பதில்கள். எடுப்பவர் தம் மனிதர்களிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்கப்போகிறார் என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை.

முகத்தின் வடிவத்தை மாற்றுவது லென்ஸ் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அது பாதி உண்மைதான். முகத்தின் உறுப்புகளுக்கு இடையேயான அளவு விகிதத்தைத் தீர்மானிப்பது தொலைவு மட்டுமே. மூக்கின் நுனிக்கும் காதுக்கும் இடையே ஏறத்தாழ 12 செ.மீ. ஆழம் இருப்பதாகக் கொள்ளலாம். கேமரா மூக்கிலிருந்து 30 செ.மீ. தொலைவில் இருந்தால், காது 42 செ.மீ. தொலைவில் இருக்கும், ஆகவே காதோடு ஒப்பிட மூக்கு 40 விழுக்காடு பெருத்துப் பதிவாகும். அதே கேமரா ஒன்றரை மீட்டருக்குப் பின்வாங்கினால் இந்த வேறுபாடு 8 விழுக்காடாகக் குறைந்துவிடும். கைநீட்டி எடுத்த செல்ஃபியில் தன் முகம் தனக்கே அன்னியமாகத் தெரிவதன் காரணம் இந்த எளிய கணக்குதான். எதிரில் அமர்ந்து பேசுபவரின் கண்ணுக்குப் பழகிய முகம், ஒன்றரை மீட்டர் முகம். குடும்பத்தார் ஒருவரை ஒருவர் நினைவில் வைத்திருப்பதும் அந்த முகத்தைத்தான்.

அகலக்கோண லென்ஸ் செய்யும் வேறொரு கேடு சட்டகத்தின் ஓரத்தில் நிகழ்கிறது. நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும் எந்த லென்ஸும், ஓரத்தில் இருக்கும் உருண்டைப் பொருளை வெளிப்புறமாக இழுத்தே பதிவு செய்யும். 36 மி.மீ. அகலமுள்ள ஃபுல் ஃபிரேம் சென்சாரில் 24 மி.மீ. லென்ஸைப் பொருத்தினால், இடது வலது ஓரங்களில் இந்த இழுப்பு 25 விழுக்காடு. 35 மி.மீ. லென்ஸில் அது 12 விழுக்காடு, 50 மி.மீ. லென்ஸில் 6 விழுக்காடு மட்டுமே. கைப்பேசிகளின் முதன்மைக் கேமரா பெரும்பாலும் 24 அல்லது 26 மி.மீ. லென்ஸுக்கு நிகரான பார்வைக்கோணம் கொண்டது. மிகு அகலக்கோணக் கேமராவோ அதனினும் விரிந்தது. குழுப்படத்தின் ஓரத்தில் யார் நிற்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். நடுவில் மணமக்களும் வீட்டுத் தலைவரும் இருப்பார்கள். அடுப்படியிலிருந்து கடைசியாக அழைத்து வரப்பட்ட சித்தியும், இடமில்லாமல் ஒண்டிய விதவைப் பாட்டியும், உறவில் சற்றுத் தூரத்தவர்களும் ஓரத்தில் நிற்பார்கள். எல்லாரும் படத்தில் வந்துவிட்டார்கள் என்று மகிழும்போது, அதற்கான விலையை ஓரத்தில் நின்றவர்களின் முகம் கொடுத்திருக்கிறது.

பழைய ஸ்டுடியோக்காரர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். மூத்தவர்களை நாற்காலியில் அமர்த்தி, இளையவர்களைப் பின்னால் நிறுத்தி, குழந்தைகளைத் தரையில் உட்காரவைக்கும் மூன்றடுக்கு ஒழுங்கு வெறும் மரியாதை வரிசை மட்டுமன்று; அகலத்தைக் குறைத்து எல்லாருடைய முகத்தையும் சட்டகத்தின் நடுப்பகுதிக்குக் கொண்டுவரும் ஒளியியல் அறிவும் அதில் உண்டு. ஒரே வரிசையில் பன்னிரண்டு பேரை நிறுத்தி மிகு அகலக்கோணத்தில் அடக்குவதைவிட, இரண்டு வரிசையாக்கி 35 மி.மீ. லென்ஸில் எடுப்பது ஓரத்தில் நிற்பவருக்குச் செய்யும் நீதி.

இனி வீட்டு அறைக்கு வரலாம். நகர்ப்புறக் குடியிருப்பின் பத்தடி அறையில், சுவரோடு முதுகை ஒட்டி நின்றாலும் எதிர்ச் சுவரோரம் அமர்ந்திருப்பவர்களுக்கும் கேமராவுக்கும் இடையே இரண்டரை மீட்டர்தான் கிடைக்கும். அந்தத் தொலைவில் ஃபுல் ஃபிரேம் கேமராவின் 50 மி.மீ. லென்ஸ் 1.8 மீட்டர் அகலத்தைக் காட்டும். தோளோடு தோள் ஒட்டி நான்கு பேர் அமரலாம். 35 மி.மீ. லென்ஸ் 2.57 மீட்டரைக் காட்டும். ஐந்து பேர் தாராளமாக அமரலாம். மாணவர்கள் வாங்கும் கேமராக்களில் மிகுதியானவை ஏபிஎஸ்-சி எனப்படும் சிறிய சென்சார் கொண்டவை. அவற்றில் அதே 50 மி.மீ. லென்ஸ் 75 மி.மீ. போலவும், கேனான் கேமராக்களில் 80 மி.மீ. போலவும் நடந்துகொள்ளும். பத்தடி அறையில் அது காட்டும் அகலம் 1.2 மீட்டருக்கும் குறைவு. இரண்டு பேருக்கு மேல் இடமில்லை. விலை குறைவு, எல்லாரும் புகழ்கிறார்கள் என்று 50 மி.மீ. லென்ஸை முதல் லென்ஸாக வாங்கி, வீட்டுக்குள் எடுக்க முடியாமல் அலமாரியில் வைத்துவிடுபவர்களின் ஏமாற்றத்துக்கு இந்தப் பெருக்கல் கணக்கே காரணம். லென்ஸின் மீது எழுதியிருக்கும் எண்ணை வாங்கும் முன் 1.5 ஆல் பெருக்கிப் பார்த்திருந்தால் இந்த ஏமாற்றம் நேர்ந்திருக்காது.

ஒளியும் இதே திசையைத்தான் காட்டுகிறது. கேமராவோடு சேர்த்து விற்கப்படும் 18–55 மி.மீ. லென்ஸ், நீண்ட முனையில் எஃப் 5.6 அளவுக்கே திறக்கும். எஃப் 1.8 வரை திறக்கும் நிலையான லென்ஸ் அதைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரத்தில் எடுக்கக்கூடிய படத்தை எஃப் 5.6 லென்ஸில் எடுக்க வேண்டுமானால் ஆறில் ஒரு பங்கு நேரம் தேவைப்படும். கேமராவை அசையாமல் பிடிக்கும் தொழில்நுட்பம் இன்று உண்டு. குழந்தையை அசையாமல் பிடிக்கும் தொழில்நுட்பம் இல்லை. ஐஎஸ்ஓ எண்ணை 1600இலிருந்து 16,000 வரை உயர்த்தியும் அதே பலனைப் பெறலாம். அப்போது தோலின் நிறமும் முடியின் இழையும் புள்ளிகளாகக் கலைந்துபோகும். இல்லையேல் ஃபிளாஷ் வேண்டும். ஃபிளாஷ் வெளிச்சம் முகத்தில் பட்டவுடன் பேச்சு நின்றுவிடும். அறையின் விளக்கொளியும் மறைந்துவிடும்.

ஆனால் இந்த அகன்ற துளைக்கு ஓர் ஆபத்தான மறுபக்கமும் உண்டு. 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8 அளவில் திறந்து ஒன்றரை மீட்டரில் நின்று எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் மூன்று நான்கு சென்டிமீட்டர் மட்டுமே. கண் தெளியும், காது கலங்கும், பின்னாலிருக்கும் வீடு முழுவதும் வண்ணக் குழம்பாகிவிடும். இந்தக் கலங்கலையே அழகென்று கருதும் போக்கு இன்று மேலோங்கியிருக்கிறது. கைப்பேசிகள் அதை மென்பொருளால் செயற்கையாகவும் உண்டாக்கித் தருகின்றன. ஆய்வுத்துறையில் இருப்பவர்களாவது இதைச் சற்று ஐயத்தோடு பார்க்க வேண்டும். சமூக வரலாற்றாளர் ஒருவர் பழைய குடும்பப் படத்தைக் கையிலெடுத்தால் முகத்துக்கு அடுத்தபடியாக எதைப் பார்க்கிறார்? சுவரில் தொங்கும் நாள்காட்டி எந்தக் கடையினுடையது, சாமி படங்களுக்கு நடுவே எந்தத் தலைவரின் படம் இருக்கிறது, தையல் இயந்திரம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, தரை சிமெண்டா சாணமா, கதவோரம் எத்தனை செருப்புகள் கிடக்கின்றன என்றெல்லாம் பார்க்கிறார். பின்னணியை அழிப்பவர் ஆவணத்தின் பாதியை அழிக்கிறார். அம்மாவின் முகத்தோடு அவர் நாள்தோறும் கையாண்ட அலமாரியும் தெளிவாக விழ வேண்டுமானால், துளையைச் சற்றுக் குறுக்கி, எஃப் 4 அல்லது 5.6 அளவில், 35 மி.மீ. லென்ஸால் பகல் வெளிச்சத்தில் எடுப்பதே நன்று. அகன்ற துளை இருட்டுக்கான வசதி. பகலிலும் அதைத் திறந்தே வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஜூம் லென்ஸில் 35-உம் இருக்கிறது, 50-உம் இருக்கிறது, 85-உம் இருக்கிறது. ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றை ஏன் இழக்க வேண்டும்? இது நியாயமான மறுப்பு. இன்றைய ஜூம் லென்ஸ்களின் தரம் குறைந்ததன்று. தூசியடிக்கும் இடத்தில் லென்ஸை மாற்றாமல் இருப்பதும் நன்மையே. குறை லென்ஸில் இல்லை, அது வளர்க்கும் பழக்கத்தில் இருக்கிறது. ஜூம் வளையத்தைத் திருப்பினால் சட்டகத்தின் எல்லை மாறுகிறது. முகத்தின் விகிதமும், முன்னிருப்பதற்கும் பின்னிருப்பதற்குமான உறவும் மாறுவதில்லை. அவற்றை மாற்ற வேண்டுமானால் நடக்க வேண்டும். நின்ற இடத்திலிருந்தே வளையத்தைத் திருப்புபவர், அறை வாசலில் நின்றபடியே பாட்டியை அருகில் இழுத்துக்கொள்கிறார். பாட்டியோ யாரும் அருகில் வந்ததாக உணர்வதில்லை. அந்த உணர்வு இல்லாமை முகத்தில் பதிவாகிறது. ஜூம் லென்ஸே போதும் என்பவருக்கான நெறி ஒன்றுதான்: முதலில் கால், பிறகு வளையம். நிற்க வேண்டிய இடத்தை நடந்து தீர்மானித்த பின் சட்டகத்தைத் திருத்திக்கொள்வதில் தவறேதும் இல்லை.

இந்தப் பழக்கம் தமக்கு இருக்கிறதா என்று அறிய ஆய்வு மாணவர்களுக்கு நல்லதொரு வழி உண்டு. டிஜிட்டல் கேமரா எடுக்கும் ஒவ்வொரு படத்தின் கோப்பிலும், எந்தக் குவியத்தொலைவில் எடுக்கப்பட்டது என்ற குறிப்பு பதிந்திருக்கும். கடந்த ஓராண்டின் படங்களைக் குவியத்தொலைவின்படி வகைப்படுத்திப் பார்க்கலாம். எண்கள் வளையத்தின் இரு முனைகளிலும் குவிந்து நடுவில் வெறுமையாக இருந்தால், எடுத்தவர் எந்தத் தொலைவையும் தேர்ந்தெடுக்கவில்லை. அடங்காதபோது முழுதாக விரித்திருக்கிறார், எட்டாதபோது முழுதாக இழுத்திருக்கிறார் என்பது பொருள். புதிய லென்ஸ் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய தரவாய்வு இதுதான். இதற்குச் செலவும் இல்லை.

பயணத்தில் தொலைவின் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. ஆக்ராவை எடுத்துக்கொள்ளலாம். தாஜ்மகாலின் உயரம் ஏறத்தாழ 73 மீட்டர். பெருவாயிலைக் கடந்தவுடன் எல்லாரும் நின்று படமெடுக்கும் இடத்திலிருந்து அது சுமார் 300 மீட்டர் தொலைவில் நிற்கிறது. 1.6 மீட்டர் உயரமுள்ள ஒருவரை இரண்டு மீட்டர் தொலைவில் நிறுத்தி அகலக்கோணத்தில் எடுத்தால், படத்தில் அவர் தாஜ்மகாலைப்போல மூன்று மடங்குக்கும் மேல் உயர்ந்திருப்பார். கட்டடம் தோளுக்குப் பின்னால் பொம்மையாகிவிடும். குமிழ்மாடத்தின் உச்சியை இரு விரலால் பிடிப்பதுபோல எடுக்கும் விளையாட்டுப் படம் இந்த விதியைக் கொண்டே நிகழ்கிறது. எடுப்பவர் ஆறரை மீட்டருக்குப் பின்வாங்கினால் மனிதரும் மாளிகையும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் பதிவாவார்கள். அங்கிருந்து 50 மி.மீ. லென்ஸ் 4.7 மீட்டர் அகலத்தைக் காட்டும். நால்வர் கொண்ட குடும்பம் ஒரு பக்கமும் தாஜ்மகால் மறுபக்கமுமாக அமையும். இடையில் கூட்டம் நடக்கும் என்பது உண்மையே. வெள்ளிக்கிழமை தவிர்த்த நாள்களில் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பே நுழைவாயில் திறக்கப்படுகிறது. அந்த ஆறரை மீட்டர் அப்போது கிடைக்கக்கூடும்.

ஆனால் அந்தப் படம் எடுத்து முடிந்த பிறகுதான் பயணப் படம் தொடங்குகிறது. தாஜ்மகாலை இதைவிடச் சிறப்பாக எடுத்த படங்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஒன்று குறைந்தால் உலகுக்கு இழப்பில்லை. நடந்து களைத்து நிழலில் அமர்ந்து, செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் தடவிக்கொள்ளும் அம்மாவின் படம் வேறெங்கும் கிடைக்காது. ஆக்ராவுக்கு வரும் இரயிலில் சன்னலோரம் உட்கார்ந்து, வெளியே தெரியும் கோதுமை வயலைத் தம் ஊர் வயலோடு ஒப்பிட்டுப் பேசிக்கொண்டிருக்கும் அப்பாவின் படமும் அப்படியே. இந்த இரண்டு படங்களும் ஒன்றரை மீட்டருக்குள் நிகழ்பவை. இரயில் பெட்டியில் எதிரெதிர் இருக்கைகளுக்கு இடையே பின்வாங்க இடமே இல்லை. பயணத்துக்கென்று வேறு லென்ஸ் தேவையில்லை, வீட்டுக்குப் பொருந்துவதே பயணத்துக்கும் பொருந்தும் என்று சொல்லத் துணிவது இதனால்தான். ஊர் மாறினாலும், எடுப்பவருக்கும் அவருடைய மனிதர்களுக்கும் இடையிலான தொலைவு மாறுவதில்லை.

நீண்ட லென்ஸுக்கு எதிராக வேறொரு காரணமும் உண்டு. களப்பணி செய்பவர்கள் இதை உடனே புரிந்துகொள்வார்கள். வாரணாசியின் படித்துறைகளுக்கு எதிரே படகில் அமர்ந்து, 200 மி.மீ. லென்ஸால் நீராடும் பெண்களை எடுக்கும் காட்சி அன்றாடம் காணக்கூடியது. பதினைந்து மீட்டருக்கு அப்பாலிருந்து ஒருவரின் ஈர உருவத்தைச் சட்டகம் நிறைய எடுத்துவிடலாம். எடுக்கப்பட்டவருக்கு அது தெரியவே தெரியாது. கேள்வித்தாளோடு போகும்போது தகவலாளியின் ஒப்புதலைக் கையெழுத்தாக வாங்கும் அதே ஆய்வாளர், விடுமுறையில் கேமராவோடு போகும்போது அந்த அறத்தை விடுதியிலேயே வைத்துவிட்டுப் போகலாகாது. 35 மி.மீ. லென்ஸ் வைத்திருப்பவர் அருகில் போயாக வேண்டும்; அருகில் போனால் கண்ணைப் பார்த்தாக வேண்டும்; கண்ணைப் பார்த்தால் கேட்டாக வேண்டும். மறுப்பவர் மறுத்துவிடுவார். அந்த மறுப்புக்கு இடம் தருவதே குறுகிய லென்ஸின் பெருமை.

தொலைவே ஒழுக்கமாக இருக்கும் இடங்களும் உண்டு. காசிரங்காவில் காண்டாமிருகத்திடமும் கிர் காட்டில் சிங்கத்திடமும் பேசும் தொலைவுக்குப் போக முடியாது, போகவும் கூடாது. பள்ளி ஆண்டுவிழாவில் பத்தாவது வரிசையிலிருந்து மகளின் நடனத்தை எடுப்பவருக்கும் நீண்ட லென்ஸ் வேண்டும். ஆண்டில் இரண்டு நாள் தேவைப்படும் இத்தகைய லென்ஸைப் பெருநகரங்களில் வாடகைக்கு எடுக்கலாம். எஃப் 2.8 அளவுக்குத் திறக்கும் 70–200 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ளது. கேனானின் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸ் 160 கிராம், ஏபிஎஸ்-சி கேமராக்களுக்கான நிக்கானின் 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் 200 கிராம். பெற்றோரின் பையையும் சேர்த்துச் சுமப்பவருக்கு இந்த வேறுபாடு மாலைக்குள் தோளில் தெரிந்துவிடும். எடை தாங்காமல் விடுதி அறையிலேயே விட்டுவந்த லென்ஸ் எந்தப் படத்தையும் எடுப்பதில்லை.

ஒற்றை லென்ஸ் வறுமையின் அடையாளம் என்று எண்ணுவோருக்கு இந்தியப் புகைப்பட வரலாறு வேறுவிதமாகப் பதில் சொல்லும். 1948 ஜனவரி 30 அன்று, காந்தி சுடப்படுவதற்குச் சற்று முன்பு அவரைச் சந்தித்துப் படமெடுத்த ஆன்றி கார்த்தியே-பிரெசோன், தம் வாழ்நாளில் பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸையே பயன்படுத்தினார். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞரான ஹோமாய் வியாரவாலா பயன்படுத்திய ரோலிஃபிளெக்ஸ், லென்ஸை மாற்ற முடியாத கேமரா. வதோதராவில் தயாராகி, நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்த அக்ஃபா கிளிக் 3 கேமராவிலும் மாற்ற முடியாத ஒரே லென்ஸ்தான். ஒரு ஃபிலிம் சுருளில் பன்னிரண்டு படங்கள். மேதைகள் செய்ததால் அது சரி என்பது வாதமன்று. ஒரே லென்ஸோடு நெடுங்காலம் பழகியவர், கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகும் முன்பே சட்டகம் எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று அறிந்துவிடுகிறார். கருவியைப் பற்றிய யோசனை நின்ற பிறகே எதிரில் இருப்பவரைப் பார்க்க நேரம் கிடைக்கிறது.

ஆகவே பரிந்துரையைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஃபுல் ஃபிரேம் கேமரா வைத்திருப்பவர் முதலில் 35 மி.மீ. லென்ஸை வாங்கலாம், ஒன்றரை மீட்டரில் அது இருவரையும் அவர்களைச் சூழ்ந்த அறையையும் காட்டும். இரண்டாவது லென்ஸுக்கு வசதி வந்தால் 85 மி.மீ.; அதே ஒன்றரை மீட்டரில், கேமராவை நிறுத்திப் பிடித்தால், முகத்தையும் தோளையும் காட்டும். பழைய ஸ்டுடியோவின் மார்பளவுப் படம் அதுவே. ஏபிஎஸ்-சி கேமராவில் இந்த இணை 23 அல்லது 24 மி.மீ. என்றும் 50 மி.மீ. என்றும் ஆகும், 50 மி.மீ. லென்ஸ் முதலாவதாக அன்றி இரண்டாவதாக வருவது பொருத்தம். கேமராவோடு வந்த 18–55 லென்ஸ் மட்டும் இருப்பவர் எதையும் வாங்க வேண்டியதில்லை. வளையத்தை 24இல் வைத்து ஒட்டுத்தாளால் ஒட்டி ஒரு மாதம் எடுத்துப் பார்க்கட்டும். அந்த மாதத்தின் முடிவில் தமக்கு எது வேண்டும் என்பது அவருக்கே தெரிந்துவிடும். கைப்பேசி மட்டும் இருப்பவர் 2 எக்ஸ் என்ற பொத்தானை அழுத்தி, ஒன்றரை மீட்டர் பின்வாங்கி, சன்னல் வெளிச்சத்தில் எடுக்கலாம். அது 50 மி.மீ. லென்ஸின் பார்வைக்கு நிகரானது. லென்ஸே வாங்காமல் இந்தக் கட்டுரையின் வாதத்தை ஏற்றுக்கொள்ள முடியும் என்பதே அதற்குச் சான்று.

கடைசியாக, எடுப்பவரைப் பற்றி ஒரு சொல். குடும்ப ஆல்பத்தில் எப்போதும் காணாமற்போகும் முகம் கேமரா வைத்திருந்தவரின் முகம். உம்ராவ் சிங் ஷேர்-கில் (1870–1954) இதற்கு அரிய விதிவிலக்கு. தம் மனைவியையும், பின்னாளில் ஓவியராகப் புகழ்பெற்ற மகள் அம்ரிதாவையும், இளைய மகள் இந்திராவையும் பல ஆண்டுகள் படமெடுத்த அவர், கேமராவைத் தம் பக்கமும் திருப்பிக்கொண்டார். அவருடைய பேரன் விவான் சுந்தரம் பிற்காலத்தில் அந்தப் படங்களை இணைத்துப் புதிய கலைப்படைப்பாக ஆக்க முடிந்ததற்கு ஒரு காரணம், அந்தக் குடும்பத்தின் படத்தொகுப்பில் படமெடுத்தவரும் இருந்தார் என்பது. இன்று அவ்வளவு முயற்சி தேவையில்லை. கேமராவை அம்மாவின் கையில் கொடுத்தால் போதும். திருப்புவதற்கு வளையம் இல்லாத லென்ஸைக் கற்பிக்க ஒரு நிமிடம் போதும். சரியாக வரவில்லை என்றால் கொஞ்சம் முன்னே வர வேண்டும், அல்லது பின்னே போக வேண்டும், அவ்வளவுதான்.

வரும் விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் ஒரு வேலையைச் செய்யலாம். வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கால் மணி நேரம் பேசி, பேச்சின் நடுவே ஒரு படம் எடுக்கலாம். அதைத் தாளில் அச்சிட்டு அவர்கள் கையிலேயே கொடுத்து, நன்றாக இருக்கிறதா என்று கேட்கலாம். பிடிக்கவில்லை என்றால் மறுபடியும் எடுக்கலாம். தம் படத்தைத் தாமே பார்த்துச் சரி என்று சொல்லும் வாய்ப்பு, ஒருவருக்கு உயிரோடு இருக்கும்போது மட்டுமே உண்டு.